மலைக்கு வந்த கடற்பறவை

எங்கள் ஜமுனாமரத்தூரில் தேன் கிடைக்கும், சாமை கிடைக்கும், பலாவும் புளியும் கிடைக்கும். பக்கத்துக் காவலூர் வானாராய்ச்சி நிலையத்துக்குப் போனால், தூரதிருஷ்டிக் கண்ணாடியின் தயவால் நட்சத்திர மண்டலங்கள்கூடக் கிடைக்கும். கிடைக்காத வஸ்து ஒன்று உண்டு, அதுதான் கடல். புதுச்சேரிக் கடற்கரைக்கு ஆகாய மார்க்கமாகவே 120 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். என்னிடம் படிக்கும் மலைவாழ் சிறுவர்களில் பாதிப்பேருக்குக் கடல் என்பது பூகோளப் புத்தகத்தில் நீல மை பூசிய இடம், அவ்வளவே.

அந்தக் கடலே ஒருநாள் தன் பிரதிநிதி ஒருவரை எங்கள் ஊருக்கு அனுப்பி வைத்தது.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையேறியதும், போக மனமில்லாத விருந்தாளியைப் போல் அங்கேயே நின்று பெய்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு, ஒரு வீட்டிலிருந்த ஏழு பேர் மண்ணில் புதைந்து மாண்டார்கள். எங்கள் மலையிலும் ஓயாத மழை. மின்சாரம் போயிற்று, கைப்பேசியும் மௌன விரதம் பூண்டது.

மழை சற்று விட்ட ஒரு மாலையில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மார்போடு எதையோ அணைத்திருந்தான்.

"சார், கொமுட்டேரிக் கரையில் விழுந்து கிடந்தது. காக்கா மாதிரி இருக்கு. ஆனா காக்கா இல்லை."

காக்கை அல்லதான். முதுகு கறுப்பு, வயிறும் நெற்றியும் தும்பைப் பூப்போல் வெள்ளை, வால் கத்தரிக்கோலைப் போல் இரண்டாகப் பிளந்திருந்தது. இறக்கைகள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். கண்ணைத் திறந்து எங்களை ஒருமுறை பார்த்தது. அந்தப் பார்வையில் பயமில்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா?

கால் விரல்களுக்கு நடுவே ஜவ்வு இருப்பதைக் கண்டு, இது கடற்பறவை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அந்த மட்டில் தீர்ப்புச் சரிதான். தீர்ப்போடு நிறுத்திக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கடற்பறவைக்குத் தண்ணீர்தானே வீடு!" என்று சொல்லி, என் மனைவி வெந்நீர் போடும் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அதில் அதை விட்டேன்.

"ஏங்க, அது நடுங்குதே" என்றாள் என் மனைவி.

"அதெல்லாம் பழகிவிடும்" என்றேன். முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவனுக்குத் தெரியாதென்று சொல்ல வாய் வருவதில்லை. சிறிது நேரத்தில் பறவை நீரில் தாழ்ந்து சாயத் தொடங்கியது. அவசரமாக எடுத்துத் துணியில் சுற்றி அடுப்போரம் வைத்தோம். பையன் அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சாமைக் கஞ்சியை விரலில் தொட்டு அலகில் வைத்துப் பார்த்தான். அது வாயைத் திறக்கவில்லை. விடியற்காலையில் இறந்துவிட்டது.

மூன்று நாள் கழித்துக் கைப்பேசிக்கு உயிர் வந்ததும், நான் எடுத்து வைத்திருந்த படத்தைச் சென்னையில் பறவைகளைப் பற்றி அறிந்த ஒரு நண்பருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "இது நடுக்கடலில் வாழும் கரிய ஆலா. உலர்ந்த துணியில் சுற்றி, இருட்டான பெட்டியில் வை. தண்ணீரில் மட்டும் விட்டுவிடாதே."

அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஆலாவின் இறகுகளில் மற்ற நீர்ப்பறவைகளுக்கு இருப்பதுபோல் போதிய எண்ணெய்ப் பசை கிடையாதாம். தண்ணீரில் உட்கார்ந்தால் நனைந்து போகும். ஆகையால் கடலில் வாழ்ந்தும் கடலில் இறங்காமல் காலங்கழிக்கும் பிராணி இது! குஞ்சு கூட்டத்தைவிட்டுப் பறந்து போனால், பல வருஷங்கள் நிலத்தில் கால் வைக்காமல் ஆகாயத்திலேயே திரிகிறது. சூரை மீன்கள் துரத்தும்போது மேலே துள்ளும் சிறு மீன்களையும் கணவாய்களையும் பறந்தபடியே கொத்திக்கொள்கிறது. உப்புநீரைக் குடித்தாலும், கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் உப்பைப் பிரித்து வெளியே தள்ளிவிடுகின்றன. முப்பது வருஷங்களுக்கு மேல் வாழ்ந்தவையும் உண்டு. அத்தகைய ஜீவனைத்தான் நான் அண்டாவில் நீந்த விட்டேன்.

பறவையைப் பையன் பள்ளிக்கூடத்து வேலியோரம் புதைத்திருந்தான். "இது எந்த ஊர்ப் பறவை, சார்?" என்று கேட்டான். பறவை முகவரி சொல்லிவிட்டுப் போகவில்லை. ஆனாலும், இந்த இனம் நம் தேசத்தில் முட்டையிடும் ஊர் ஒன்றைப் பற்றி அவனுக்குச் சொல்ல முடிந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் படித்துவிட்டுச் சொன்னேன்.

லக்ஷத்தீவுகளில் கவரத்தியிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் பிட்டி என்றொரு திட்டு இருக்கிறது. பக்ஷிப்பிட்டி என்றும் சொல்வார்கள். தீவு என்றதும் தென்னந்தோப்பைக் கற்பனை செய்ய வேண்டாம். மரம் கிடையாது, குடிநீர் கிடையாது, மனிதர் கிடையாது. பவழப்பாறையும் மணலுமாக மொத்தம் 1.2 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கர். எங்கள் மலையில் சாமை விதைக்கிறவர் ஒருவருடைய கொல்லை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அந்த மூன்று ஏக்கரில்தான் கரிய ஆலாவும், பெரிய கொண்டை ஆலாவும், 'நாடி' என்று ஆங்கிலேயர் பெயரிட்ட பழுப்பு ஆலாவும் கூட்டங்கூட்டமாக வந்து முட்டையிடுகின்றன. (ஒன்றுக்கொன்று தலையாட்டி உபசரித்துக்கொள்ளும் பறவை அது, நாடி பார்க்கும் வைத்தியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இந்தப் பிட்டியைப் பற்றி எழுதி வைத்தவர் யாரென்று தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1885-ல் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கி வைத்தாரே, அந்த ஹ்யூம் துரைதான்! அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1875-ல், அவர் லக்ஷத்தீவுகளைச் சுற்றி வந்து, பறவைகளுக்காகத் தாமே நடத்திய பத்திரிகையில் விவரமாக எழுதினார். இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிப் பெரும் நூல் ஒன்று எழுத அவர் சேர்த்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளைச் சிம்லாவில் ஒரு வேலைக்காரன் பழைய காகிதமாக எடைபோட்டு விற்றுவிட்டானாம். மனம் நொந்த ஹ்யூம், எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பறவை உடல்களும் முட்டைகளும் அடங்கிய தம் சேகரத்தை லண்டன் காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார். பறவைகளுக்கு நஷ்டம்; தேசத்துக்கு லாபம் என்று சிலர் சொல்லக்கூடும்.

ஆலா கூடு கட்டுவதில்லை. சுடுமணலில் ஒரே ஒரு முட்டை இடுகிறது. தாயும் தகப்பனும் மாறி மாறி, சுமார் ஒரு மாத காலம், அதன்மேல் நிழல் விழும்படி உட்கார்ந்திருக்கின்றன. இவ்வளவு சிரமமும் குளிரிலிருந்து காக்க அல்ல, வெயிலிலிருந்து காக்க. ஒரு படகு கரையில் ஒட்டி நான்கு பேர் இறங்கினால், கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கும். வந்தவர்கள் முட்டையைத் தொட வேண்டியதே இல்லை. வெறுமனே நின்று வேடிக்கை பார்த்தால் போதும், முட்டைக்குள்ளிருக்கும் உயிர் வெந்து போகும். மிச்சத்தை நண்டுகள் பார்த்துக்கொள்ளும். முட்டைக்காகவே இறங்குகிறவர்களும் முன்பு இருந்தார்கள். 1995-ல் பிட்டி பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அதைச் சூழ்ந்த 62 சதுர கிலோமீட்டர் பரப்பு, அந்தத் தீவுகளின் பிரதிநிதியாகப் பத்து முறை லோக் சபைக்குச் சென்ற பி. எம். சயீத் பெயரால் கடற்பறவைக் காப்பகமாயிற்று.

மீனவர்களுக்கு இதனால் நஷ்டந்தானே என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. லக்ஷத்தீவில் சூரை மீனைத் தூண்டிற்கழியால் பிடிக்கிறார்கள். பரந்த கடலில் மீன் எங்கே என்று காட்டிக் கொடுப்பது மேலே வட்டமிடும் ஆலாக் கூட்டந்தான். பறவை போனால் கடல் பேச்சற்றதாகிவிடும்.

காவல் வைத்தால் பலன் உண்டா? அட்லாண்டிக் மகா சமுத்திரத்து அசென்ஷன் தீவைப் பாருங்கள். 1815-ல் ஆங்கிலேயர் அங்கே படையை நிறுத்தினார்கள். எலிகளைத் தின்னப் பூனைகளும் குடியேறின. பூனைகளோ எலியைவிடப் பறவைகளே ருசி என்று கண்டுகொண்டன. அந்தத் தீவிலும் கரிய ஆலாக்கள் உண்டு. அவை இரவெல்லாம் கத்துவதால் 'கொட்டக் கொட்ட விழிப்பவை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் பெற்றன. 1942-ல் அமெரிக்கர் அமைத்த விமான நிலையத்துக்கும் அதுவே பெயராயிற்று. பூனைகளைப் பிடித்து முடித்து, 2006-ல் அத்தீவு பூனையற்றதென்று அறிவித்தார்கள். பிறகு 2012-ல், ஒன்றரை நூற்றாண்டாகப் பெருந்தீவில் முட்டையிடாதிருந்த ஃபிரிகேட் பறவைகள் திரும்பி வந்தன.

பிட்டிக்குப் பூனைப் பயம் இல்லை. அதற்குக் கடலே பயம். பங்காரம் தீவை ஒட்டியிருந்த முதலாம் பரளி என்ற சிறு தீவு 1968-ல் 0.032 சதுர கிலோமீட்டர் இருந்தது, பிட்டியைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். 2017-ல் வெளியான ஆராய்ச்சியில் அது அடியோடு அரித்துப் போய்விட்டதென்று கண்டார்கள். அலைக்குச் சரணாலய அறிவிப்பை யார் படித்துக் காட்டுவது?

இதைச் சொன்னபோது பையன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மூணு ஏக்கரும் போயிட்டா அதுங்க எங்கே சார் உட்காரும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். இப்போது அந்த வார்த்தை சற்று எளிதாக வாயில் வருகிறது.

அடுத்த ஐப்பசியில் மழை தொடங்கியதிலிருந்து, அவன் பள்ளிக்கு வரும்போது கொமுட்டேரிக் கரையைச் சுற்றிக்கொண்டுதான் வந்தான். என் மேஜைக்கடியில் மூடி போட்ட அட்டைப் பெட்டி ஒன்றும், மடித்த பழைய வேஷ்டி ஒன்றும் இருக்கின்றன. அண்டா சமையலறைக்குத் திரும்பிவிட்டது.