கழற்றத் தெரிந்த கை

சென்ற ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், நமது பழைய நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் திடீரென்று தொண்டையைத் திறந்து அலறியது. முகப்பேரின் குறுக்குத் தெருவில் அது எழுப்பிய ஓசைக்கு, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குனிந்து நோக்கினால், சைலன்சரின் அடிவயிற்றில் விரல் நுழையுமளவு ஓட்டை.

மழையைத்தான் பழித்தோம். உண்மை வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிகையில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகி, ஆவியாகப் புகையோடு வெளியேறுகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடேறி ஆவி முழுதும் போய்விடும். நமது வண்டியோ பால் வாங்கவும், மிஞ்சினால் திருமங்கலம் வரைக்கும் ஓடுவது. குழாய் காய்வதற்குள் நிறுத்திவிடுகிறோம். உள்ளே குளிர்ந்து தங்கிய நீர், புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்தே அரித்திருக்கிறது. வெளிப்புறத்தை மட்டும் நாம் வாரந்தோறும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தோம்!

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்று புதியது வாங்கி வந்தோம். தெருமுனை மெக்கானிக் மாட்டுக்கூலி முந்நூறு ரூபாய் என்றார். முன்னே இரண்டு நட்டு, பின்னே ஒரு போல்ட்டு, இதற்கா முந்நூறு? 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த நாள்முதல் இரும்போடு பழகிய வட்டாரம் இது. இங்கு குடியிருந்துகொண்டு ஒரு ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாதா நமக்கு? பணத்தைவிட அந்த வீம்பே பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

பின்புறப் போல்ட்டு எளிதில் வந்தது. முன்புறத்து முதல் நட்டும் மண்ணெண்ணெய் ஊற்றியதும் இளகியது. இரண்டாவதை அழுத்தித் திருகினோம். சற்று முரண்டு பிடித்துவிட்டு, வெண்ணெயில் திரும்புவதுபோல் திரும்பியது. மகிழ்ந்தோம். திரும்பியது நட்டு அல்ல! அது பற்றியிருந்த ஸ்டட்டே முறிந்து கையோடு வந்துவிட்டது. மிச்சம், எஞ்சின் தலையில் பிடிமானமின்றிச் சிறிது நீட்டிக்கொண்டு நின்றது.

எஞ்சின் தலை அலுமினியம்; ஸ்டட் எஃகு. ஆண்டுக்கணக்கில் சூடேறியும் ஆறியும் இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிவிடுகின்றன. அதைத் துளையிட்டு எடுக்கையில் கை சற்றுச் சாய்ந்தால் அலுமினியத்தின் மரையே போய்விடும். முந்நூறு ரூபாயை மிச்சம்பிடிக்கப் போய், சில ஆயிரங்களின் விளிம்பில் நின்றோம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போனோம். சிரிப்பாரோ என்றிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "கொஞ்சம் டைட் பண்ணி, அப்புறம் லூஸ் பண்ணணும் சார். முன்னே பின்னே ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும். கைக்குத் தெரியும்" என்றார். முறிந்த துண்டின்மேல் வேறொரு நட்டை வைத்து வெல்டிங் செய்தார். அந்தச் சூட்டிலேயே பிடி தளர்ந்து துண்டு வெளியே வந்தது. பிறகு எஞ்சின் துவாரத்திலிருந்து பழைய கேஸ்கெட் வளையத்தைச் சுரண்டி எடுத்தார். அப்படியொரு வளையம் உள்ளே இருந்ததே நமக்குத் தெரியாது. பழையதன்மேல் புதிய குழாயை மாட்டியிருந்தால், புகை கசிந்து மறுபடியும் தெரு எட்டிப் பார்த்திருக்கும்.

1897இல் அமெரிக்காவின் மில்டன் ரீவ்ஸ் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றது எஞ்சினின் ஓசையைத் தணிக்கத்தான். நம் இளைஞர் சிலரோ காசு கொடுத்து ஓசையை வாங்கிப் பொருத்திக்கொண்டு நூறடிச் சாலையில் பறக்கிறார்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஓசை வரம்பை மீறுவோருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அவர்களும் பெரும்பாலும் தாமே மாட்டிக்கொண்டவர்கள்தாம்!

வேலை நடுவே அவர் ஒன்று சொன்னார். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதிப்படி வரும் வண்டிகளின் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அதன் ஒயரை அறுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டாம். "அந்த வண்டிக்கெல்லாம் கம்பெனி மெஷின் வேணும் சார், பல பேர் அங்கேயே போயிடறாங்க." குரலில் குறையில்லை. ஆனால் பட்டறைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய ஸ்பேனர்களை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டதை நாம் பார்த்தோம்.

முன்புற நட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். பின்பு ஸ்பேனரை நம்மிடம் நீட்டினார்.

"கடைசி போல்ட்டை நீங்களே டைட் பண்ணுங்க சார்."

முடுக்கினோம். இன்னும் ஒரு சுற்று போகும்போலிருந்தது. அவர் நம் மணிக்கட்டைத் தொட்டார்.

"போதும் சார்."