மாட்டைக் கறந்து பார்க்காமல் வாங்குவோமா?

விதை, உரம், மானியம் பற்றியே கேள்விகள் வரும் நம் இதழில் ஒரு வாசகர், ‘பிளஸ் டூ படிக்கும் மகளைக் கலைக் கல்லூரியில் சேர்க்கலாமா? எப்படித் தேர்வு செய்வது?’ என்று கேட்டிருந்தார். நான் பட்டதைச் சொல்கிறேன்.

திருச்சுழி பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் மானாவாரிக் கரிசல். குதிரைவாலி, பருத்தி, மிளகாய் போடுவேன். மூத்த மகனை வெளியூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்த்தேன். மே மாதம் போய்ப் பார்த்தபோது பெரிய கட்டடம், வரிசையாகப் பேருந்துகள். வகுப்பு நடக்காத நேரம். இரண்டு ஏக்கரை அடமானம் வைத்துப் பணம் கட்டினேன். மூன்றாம் ஆண்டில் பதினோரு அரியரோடு திரும்பி வந்துவிட்டான். “புரியலைன்னு அங்க யார்கிட்டப்பா சொல்றது?” என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நிலம் இன்னும் திரும்பவில்லை.

அடுத்தவள் மகள். அரசுப் பள்ளியில் படித்தவள். “வரலாறு படிக்கிறேன்ப்பா” என்றாள். “அதைப் படிச்சு என்ன செய்ய?” என்று பங்காளிகள் சிரித்தார்கள். “டீச்சராகலாம். எந்த டிகிரி படிச்சாலும் குரூப் பரீட்சை எழுதலாம்” என்றாள்.

மாடு வாங்கப் போனால் கறந்து பார்க்காமல் வாங்குவோமா? இந்த முறை தேர்வு முடிவுக்குக் காத்திருக்கவில்லை. பொங்கல் கழிந்ததும், கல்லூரி நடக்கும் நாளாகப் பார்த்து அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நம் பக்கத்துக்குத் திருச்சுழியிலேயே 2022 முதல் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவபானு சத்திரிய கல்லூரி. மதுரைக்குப் போனால் 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-ல் பெண்களுக்கென்று தொடங்கிய லேடி டோக் கல்லூரி என்று பழைய பெயர்கள் உண்டு.

போன இடத்திலெல்லாம் நான்கு கேள்வி கேட்டேன். இந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? சேரும் இடம் அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே கல்லூரியில் ஒரே பாடத்துக்கு இரண்டு பிரிவும் இருக்கலாம், கட்டணம் வேறு. கடைசியாக, மாலை வகுப்பு விட்டதும் ஊருக்குப் பஸ் உண்டா?

பெரிய கல்லூரி ஒன்றில் மகள் வாயே திறக்கவில்லை. சின்னக் கல்லூரி ஒன்றில் வரலாற்று ஆசிரியரிடம் ஏதோ கேட்டாள். அவர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். திரும்பும்போது பஸ்ஸில், “இங்கயே சேரட்டுமாப்பா?” என்றாள்.

சின்னது என்பதற்காக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். ஆசிரியர் இல்லாத சின்னக் கல்லூரியும் உண்டு. அதனால்தான் முதல் கேள்வி ஆசிரியரைப் பற்றியது.

மிளகாய் வத்தல் விற்ற காசில் கட்டணம் கட்டினேன். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது உதவுகிறது.

முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் தோற்றுப்போனாள். மறுபடியுமா என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுவாரம் கல்லூரியிலிருந்து ஆசிரியை போன் செய்தார். “பயப்படாதீங்க ஐயா, சாயங்காலம் அரை மணி நேரம் இருக்கச் சொல்லியிருக்கேன்” என்றார். அடுத்த தேர்வில் தேறிவிட்டாள். இப்போது இரண்டாம் ஆண்டு. வேலை கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.

மூத்தவன் இப்போது என்னோடு காட்டு வேலை பார்க்கிறான். தங்கை படிப்பதை இரவில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். அவனையும் அன்றைக்கு இப்படிக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாமே என்று அப்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

கேள்வி கேட்ட வாசகரே, மே மாதம்வரை காத்திருக்காதீர்கள். கல்லூரி நடக்கும்போதே மகளை ஒருநாள் கூட்டிப்போங்கள். நீங்கள் நாலு கேள்வி கேளுங்கள். மகள் ஒரு கேள்வியாவது கேட்கட்டும்.