தரையில் உட்கார்ந்த காரும் முத்தியால்பேட்டை முகவரியும்

2018-இல் ஒரு கட்சிக்காரர் என்னிடம் வந்தது ஏர் சஸ்பென்ஷனுக்காக வழக்குப் போட. "ராத்திரி நிமிர்ந்துதான் நிக்குது சார். காலைல பார்த்தா ஒட்டகம் மாதிரி முன்னாடி மடிச்சு உக்காந்திருக்கு" என்றார். ஏழு பேர் உட்காரும் ஜெர்மன் எஸ்யூவி, 2012 மாடல். புதிதாக 60 லட்சத்தைத் தாண்டிய வண்டியை, நூறடிச் சாலைப் பக்கம் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரிடம் 16.5 லட்சத்துக்கு எடுத்திருந்தார். முன்பக்க ஏர் ஸ்ட்ரட் இரண்டும், கம்ப்ரசரும் மாற்ற வேண்டும் என்று ஒர்க்ஷாப்பில் நாலு லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைத்தான் என் மேஜையில் வைத்தார்.

பாய் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்கு நேரு வீதியில் ஜவுளிக்கடை, வீடு கோட்டக்குப்பத்தில். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முத்தியால்பேட்டை முடிகிற இடத்தில் தொடங்கும் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். தொழில் யூனியன் பிரதேசத்தில், தூக்கம் தமிழ்நாட்டில் என்று வாழ்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் ஏராளம்.

எஸ்டிமேட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆர்.சி.யைக் கேட்டேன். "பேர் இன்னும் மாறலை சார். பண்ணித் தரேன்னு சொல்லியிருக்காங்க" என்றார். வண்டி கைக்கு வந்து அப்போதே மாதங்கள் ஓடியிருந்தன. ஆர்.சி.யில் இருந்தது ஒரு மலையாளப் பெயர். முகவரி முத்தியால்பேட்டையில் ஒரு சந்து. இன்சூரன்ஸ் பாலிசி எர்ணாகுளம் கிளையில் எடுத்தது. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் முத்திரை எல்லாம் கொச்சி. பி.ஒய். 01 நம்பர் போட்ட அந்த வண்டிக்குப் புதுச்சேரியில் ஒரு தடவைகூட ஆயில் மாற்றியதாகத் தெரியவில்லை. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் தெரியக்கூடிய விஷயம். வாங்கும்போது பாய் வைத்துப் பார்க்கவில்லை. லெதர் சீட்டைப் பார்த்தார், ஈ.சி.ஆரில் காலாப்பட்டு வரை ஓட்டிப் பார்த்தார்.

பாய் என்னிடம் வந்ததற்கு முந்தைய ஆண்டின் கடைசியில்தான் கேரளப் பத்திரிகைகளில் புதுச்சேரிப் பதிவு கார்கள் பெரிய செய்தியாகியிருந்தன. நடிகை அமலா பால், நடிகர் ஃபகத் ஃபாசில், அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகர் சுரேஷ் கோபி என்று பல பெயர்கள் அடிபட்டன. கேரள குற்றப்பிரிவு போலீஸ் விசாரணையில் இறங்கியது. அவரவர் தத்தம் விளக்கத்தைச் சொன்னார்கள். அதற்குள் நான் போகவில்லை. கணக்கு மட்டும் எளிது. அப்போது கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விலையில் 20 சதவீதம் வரி இருந்தது. புதுச்சேரியில் எவ்வளவு விலை உயர்ந்த காரானாலும் வரி ஒன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றது. ஒரு கோடி ரூபாய் கார் என்றால் வித்தியாசம் பதினெட்டு லட்சத்துக்கு மேல். அதற்குத் தேவைப்பட்டது புதுச்சேரியில் ஒரு கதவிலக்கம் மட்டுமே. செய்தி வெடித்த பிறகு இப்படிப்பட்ட வண்டிகளைக் கைமாற்றி விடும் அவசரம் பலருக்கு வந்தது என்பது என் ஊகம். பாய் மலிவு என்று நினைத்தது அந்த அவசரத்தின் விலையாக இருக்கலாம்.

என் ஜூனியரை முத்தியால்பேட்டைக்கு அனுப்பினேன். அந்த வீட்டில் இருந்தவர் ஒரு வயதான அம்மாள், கணவர் ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக அதே வீடு. ஆர்.சி.யில் உள்ள பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. மாடியில் ஒரு காலத்தில் வாடகைக்கு இருந்த கல்லூரிப் பையன்களில் யாரோ கரண்ட் பில் நகல் வாங்கிப் போனதாக மட்டும் நினைவு இருந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து கடைக்கு வரும் பாய் தினமும் அந்தச் சந்து முனையைத் தாண்டித்தான் வந்து போயிருக்கிறார்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 40-இன்படி, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில், வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் இடத்தில்தான் பதிவு. பொய்யான ஆவணத்தைக் காட்டிப் பதிவு வாங்கியிருந்தால் உரிமையாளரை விசாரித்துவிட்டுப் பதிவையே ரத்து செய்ய 55(5) இடம் தருகிறது. பதிவு ரத்தானால் கையில் இருப்பது இரண்டே கால் டன் இரும்பு. சாலையில் இறக்க முடியாது. முதலியார்பேட்டை போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் விசாரித்தபோது, முகவரிச் சரிபார்ப்புக்காக அந்த எண்ணின் மேல் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் நிறுத்தி வைத்திருப்பது தெரிந்தது. பெயர் மாற்றம் "ப்ராசஸில்" இருக்கவில்லை. நடக்க முடியாத நிலையில் இருந்தது.

இதைச் சொன்னதும் பாய் கோபப்பட்டார். "வக்கீல் சார், காரே தரையில உக்காந்திருக்கு. நீங்க அட்ரஸைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களே!"

நியாயமான கோபம். ஆனால் சஸ்பென்ஷனை வைத்து வழக்கு ஜெயிப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16 அடிப்படையில் வாங்குபவனையே ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் ஆறு வருடம் ஓடிய காரில் அவற்றை நிரூபிப்பது சுலபமில்லை. என் சீனியர் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சட்டப் பள்ளியில் படித்தவர். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641-ஆம் பிரிவில், விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவன் பொறுப்பு என்று இருப்பதைச் சொல்லி, இந்த விஷயத்தில் நாம் பின்னால் போய்விட்டோம் என்று அடிக்கடி குறைபட்டுக்கொள்வார். அந்தச் சட்டம் நீடித்திருந்தாலும் பாய்க்கு நிபுணர் சாட்சியம் வேண்டியிருந்திருக்கும்.

அதனால் ஒரு பழைய டீசல் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியைக் காட்டினேன். ஏர் ஸ்ட்ரட் ரப்பர் பை காலப்போக்கில் வெடிக்கும், காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் எரியும். வாங்குமுன் ஒரு ராத்திரி வண்டியை நிறுத்தி வைத்து, சக்கர வளைவுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து மாலையும் காலையும் அளந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். "மத்தியானம் போய் ஓட்டிப் பார்த்தா எல்லா வண்டியும் ராஜாதான். காலைல, என்ஜின் சில்லுனு இருக்கறப்போ ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும்." சில ஜெர்மன் டீசல் என்ஜின்களில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது, குளிர்ந்த ஸ்டார்ட்டில் இரண்டு விநாடி சலசலப்பு வந்தால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்க வேண்டிய வேலை, அதாவது லட்சங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்குமாம். டயரில் நாலு இலக்க எண், எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்று. ஓடோமீட்டர் 61 ஆயிரம் காட்டிய வண்டியில் நாலு டயரும் ஒரே தேதியில் புதிதாக இருந்ததை அவர் சந்தேகப்பட்டார். நான் அதை வழக்கில் சேர்க்கவில்லை. நிரூபிக்க முடியாததைச் சேர்த்தால் நிரூபிக்க முடிந்ததும் பலவீனப்படும்.

சேற்றுக் கோடு பற்றி அப்போது அசிரத்தையாகக் கேட்டுக்கொண்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்பதைப் பார்த்தவர்களுக்கு அது அசிரத்தையான விஷயமல்ல. அவற்றில் எத்தனையோ இன்று எங்கோ பளபளவென்று நிற்கும்.

ஆர்.சி.யில் இருந்த மலையாள உரிமையாளரைப் பிடிப்பதுதான் அடுத்தது. பாய்க்கு வண்டியை விற்ற தரகர் அவரைத் தெரியாது என்றார். பாலிசியில் இருந்த கேரள முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பினேன், பதிலில்லை. இரண்டாவது நோட்டீஸில் ஒரு தீர்ப்பைச் சேர்த்தேன். 2018 பிப்ரவரி 6-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சொன்னது: கார் பல கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விபத்து இழப்பீடு அவர் தலையில். அந்த வழக்கில் 2007-இலேயே காரை விற்றுவிட்ட மனிதர், 2009-இல் யாரோ ஓட்டி நடந்த விபத்துக்குப் பொறுப்பேற்க வேண்டி வந்தது. "உங்கள் பெயரிலுள்ள வண்டியை இப்போது என் கட்சிக்காரர் ஓட்டுகிறார்" என்று ஒரு வரி எழுதினேன். தபால் கிடைத்த வேகத்தில் போன் வந்தது. தான் 2016-இலேயே அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டதாகவும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் தேதி போடாமல் வெற்றாகக் கையெழுத்திட்டுக் கொடுத்ததாகவும் பிரமாணப் பத்திரம் தந்தார். முத்தியால்பேட்டை முகவரி பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை, நானும் கேட்கவில்லை.

விற்றவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. பிரிவு 50-இன்படி அதே மாநிலத்துக்குள் 14 நாளில், வெளிமாநிலம் என்றால் 45 நாளில் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். யாரும் செய்வதில்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, அது மூன்று தரகர் கை மாறும் வரை தேதிக்காகக் காத்திருக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பழைய கார் வியாபாரிக்கு அங்கீகாரம் வேண்டும், வண்டி அவரிடம் போனதைப் படிவம் 29சி-யில் பதிய வேண்டும் என்கின்றன. பாய் வாங்கிய காலத்தில் அது இல்லை.

வழக்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் போட்டோம். அப்போது பழைய 1986 சட்டம். மாவட்ட மன்றத்தின் எல்லை 20 லட்சம். பொருளின் விலையையும் கேட்கும் இழப்பீட்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள் என்பதால் மன உளைச்சலுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. பாய்க்கு அதுவும் வருத்தம். "என் உளைச்சல் அதுக்கு மேல சார்!"

எதிர்த்தரப்பு மூன்று வாதம் வைத்தது. ஜவுளிக்கடைக்காரர் வணிக நோக்கத்துக்காக வாங்கினார், ஆகவே நுகர்வோரே அல்ல என்பது முதலாவது. பில் அவர் பெயரில், குடும்பத்தோடு நாகூர் போன படங்கள் கையில், அது நிற்கவில்லை. (2024-இல் ஒரு சொகுசு கார் வழக்கில் கம்பெனி பெயரில் வாங்கினாலும் இயக்குநரின் சொந்த உபயோகம் வணிக நோக்கமல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.) இரண்டாவது, நாங்கள் வெறும் தரகர். மூன்றாவதுதான் கனமானது: டெலிவரி நோட்டில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, பின்னால் எந்த ஆட்சேபணையும் ஏற்கப்படாது" என்று அச்சடித்திருந்தார்கள், கீழே பாயின் கையெழுத்து.

அந்த நோட்டின் ஓரத்திலேயே, தரகரின் கையால், நீல மையில் இன்னொரு வரி: "ஆர்.சி. ட்ரான்ஸ்ஃபர் எங்கள் பொறுப்பு, ரூ.15,000 பெற்றுக்கொண்டோம்." அச்சடித்ததும் கையால் எழுதியதும் முரண்பட்டால் கையால் எழுதியதற்கே மதிப்பு என்பது ஒப்பந்தங்களைப் படிக்கும் பழைய விதி. பணம் வாங்கிக்கொண்டு சேவைக்குப் பொறுப்பேற்றவர் தரகர் என்று சொல்லி ஒதுங்க முடியாது.

முத்தியால்பேட்டை அம்மாளின் பிரமாணப் பத்திரத்தையும் தாக்கல் செய்திருந்தோம். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பு கேட்டது, மன்றம் அனுமதித்தது. அந்த வக்கீல் நல்ல வக்கீல், ஆனால் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டார். "உங்களுக்குத் தெரியாமல் அந்தக் கார் உங்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கலாம் அல்லவா?" அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க சந்துல ஆட்டோவே ரிவர்ஸ்லதான்யா வெளிய போவும். அம்மாம் பெரிய வண்டி எனக்குத் தெரியாம எங்கய்யா நிக்கும்?" மன்றத் தலைவர் அதை ஒரு எழுத்து விடாமல் பதிவு செய்யச் சொன்னார்.

தீர்ப்பு கிட்டத்தட்ட நான் எதிர்பார்த்தபடி. சட்டப்படி பெயர் மாற்ற முடியாத வண்டியை விற்றது சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை. ஓட்டிய காலத்துக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை வட்டியோடு தர வேண்டும், வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். சஸ்பென்ஷன் பற்றிய புகார் போதிய ஆதாரமில்லை என்று நிராகரிப்பு. பாய்க்கு அந்தக் கடைசி வரி இன்றும் உறுத்தல்.

தரகர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனார். நடுவில் சமரசத்துக்கு வந்தார். பணத்தில் சிக்கல் வரவில்லை. வண்டியை எடுத்துப் போவதில் வந்தது. அது முழுதாகத் தரையில் படிந்துவிட்டது, ஓட்ட முடியாது. ஃப்ளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும். கோட்டக்குப்பத்திலிருந்து நூறடிச் சாலைக்கு வாடகையை யார் தருவது என்று இரண்டு தரப்பும் நாலு கடிதம் எழுதிக்கொண்டன. சமரசப் பத்திரத்தின் கடைசிப் பத்தி அதற்கானது: வாடகையில் பாதி பாதி, ஏற்றும்போது பம்பர் உரசினால் எடுப்பவர் பொறுப்பு. உரசியது.