ஒட்டுக் கிதாரின் விலை

சென்ற ரஜப் மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து திரும்பியபோது, சேவுகம்பட்டியிலுள்ள நமது வீட்டுத் திண்ணையில் நீண்ட கறுப்புப் பை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அருகில் நம் சகோதரியின் மகன் அமர்ந்திருந்தான்.

“மாமு, இந்தக் கிதாரை விற்கப் போகிறேன். வாங்குகிறவர் நாளைக்கு வருகிறார். இங்கே வைத்துப் பேசிக்கொள்கிறேன். ஹஜ்ரத் வீடு என்றால் அவருக்கு நம்பிக்கை வரும்” என்றான்.

இருபது ஆண்டுகள் திண்டுக்கல்லில் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவன். இப்போது அந்த வேலையைக் கீபோர்டு ஒன்றே செய்துவிடுகிறதென்று கலியாண வீட்டார் சொல்கிறார்கள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கெடு நெருங்கியிருந்தது. இருபத்தைந்தாயிரம் ரூபாய் எதிர்பார்த்தான்.

பேஸ் கிதார் என்பதை அன்றுதான் கையில் தொட்டுப் பார்த்தோம். நான்கே தந்திகள். சாதாரணக் கிதாரின் தடித்த நான்கு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. பாட்டில் இதைத் தனியே கேட்பவர் சிலரே. நின்றுபோனால் மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நாகூர் ஹனீஃபா அவர்களின் பாடல்களை வாத்தியங்களோடு கேட்டு வளர்ந்த நாம், இதை எட்ட நின்று பழிப்பது நியாயமாகாது.

கிதாரின் தலையில் ‘ஃபெண்டர்’ என்ற பெயர் அழகாக ஒட்டப்பட்டிருந்தது. மருமகன் மெல்லக் கதையைச் சொன்னான். கழுத்து சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கியது. யார் செய்ததென்று அவனுக்கே தெரியாது. பெயர் பிறகு வாங்கி ஒட்டியது. உடல் திண்டுக்கல் ஆசாரி ஒருவர் பலா மரத்தில் இழைத்தது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிவரும் மரம் இதற்கும் ஆகிவந்திருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்னாக்கும் காந்தக் கட்டைகள் உடைந்துபோன வேறொரு கிதாரிலிருந்து வந்தவை. முறுக்காணிகளில் மூன்று ஒரு வகை. நான்காவது வேறு வகை, அதுவும் சற்றுத் தளர்ந்தது.

இப்படிச் சேர்ப்பது எவ்வாறு கூடும் என்று வியந்தோம். நம் திண்டுக்கல் பூட்டைக் கையால் செய்கிறார்கள். ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஃபெண்டர் என்பவரோ கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுது பார்த்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். பழுதானதைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதே அவருக்குப் பழகிய தொழில். 1951இல் அவர் வெளியிட்ட பேஸ் கிதாரின் கழுத்தை உடலோடு பசையால் ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளால் முடுக்கினார். ஆகவே ஒன்றின் கழுத்தை இன்னொன்றின் உடலில் பூட்ட வழி பிறந்தது. பல துண்டுகள் கூடி ஒரு கருவியாவது குற்றமன்று. மருமகன் வாசித்துக் காட்டினான். திண்ணைப் பலகை அதிர்ந்தது. நன்றாகவே இருந்தது.

“இவற்றையெல்லாம் அவரிடம் சொல்வாயா?” என்று கேட்டோம்.

“எதற்கு மாமு? இருக்கிறபடி எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு குறை சொல்லக்கூடாது என்று சொல்லிவிடுவேன். அது ஷரீஅத்தில் கூடும் என்று நீங்கள்தானே ஒரு தடவை சொன்னீர்கள்?”

சொன்னது உண்மைதான். எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்று விற்பவர் நிபந்தனையிட்டு, வாங்குபவர் ஒப்பினால், குறைகளைப் பெயர் பெயராகச் சொல்லாவிட்டாலும் பொருளைத் திருப்ப முடியாது என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ இமாம் (ரஹ்) இதை ஏற்கவில்லை. நாம் ஓதிய ‘ஹிதாயா’வில் இரண்டும் இருக்கின்றன. இசைக் கருவியை விற்பது செல்லுமா என்பதிலேயே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் மாணவர் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் செல்லும் என்றார்கள், மாணவர்கள் செல்லாது என்றார்கள். அந்த வழக்கை அன்று நாம் கிளப்பவில்லை. கட்டணக் கெடு நெருங்கியவனிடம் அதைக் கிளப்ப நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. யாகூத் கல் என்று சொல்லி வாங்கியது கண்ணாடியாக இருந்தால் அந்த வியாபாரமே கூடாது. சிவப்பு யாகூத் என்றது பச்சையாக இருந்தால் கூடும். குறையைச் சொல்லாமல் இருப்பது ஒன்று. பொருளுக்கு வேறு பெயர் சூட்டுவது மற்றொன்று. நம் மருமகன் வாயை மூடிக்கொண்டாலும் கிதாரின் தலை பேசிக்கொண்டிருந்ததே! அது மட்டுமா, ‘ஹஜ்ரத் வீடு’ என்பதும் அதன்மேல் ஒட்டப்பட்ட இன்னொரு பெயர்தான். நமக்குச் சுருக்கென்றது அங்கேதான்.

கூஃபா நகரில் ஜவுளி வணிகராயிருந்த அதே இமாம் அவர்கள், குறையுள்ள ஒரு துணியைக் குறை சொல்லி விற்கும்படி கூட்டாளி ஹஃப்ஸிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. கிடைத்த தொகை முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சட்டத்தில் அத்தனை சலுகை காட்டியவர்கள், தம் கடையில் அதைத் தேடவில்லை.

இதைச் சொன்னபோது மருமகன், “இமாமுக்கு ஜவுளிக் கடை இருந்தது மாமு. எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது” என்றான். நம்மிடம் மறுமொழி இல்லை. அவன் தேநீரும் அருந்தாமல் எழுந்து போனான்.

மறுநாள் வந்தவர் வத்தலக்குண்டுப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் பாடகர் குழுவில் வாசிக்கும் இளைஞர். மருமகன் பையைத் திறந்தான். பெயர் இருந்த இடத்தில் வெளிறிய தடம் மட்டும் இருந்தது. இரவே பிளேடால் சுரண்டியிருக்கிறான்.

“இங்கே என்ன எழுதியிருந்தது அண்ணே?” என்றார் அவர்.

மருமகன் ஒரு கணம் நம்மைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். நான்காவது முறுக்காணியைத் திருகியும் காட்டினான். இளைஞர் அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தார். பலா மரத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். கடைசியில் பதினாறாயிரம் தந்தார். “பெயர் இருந்திருந்தால் இருபத்தைந்தே கொடுத்திருப்பேன் ஐயா” என்று நம்மிடம் ஒளிவின்றிச் சொன்னார்.

குறைந்த ஒன்பதாயிரத்தை நாம் கடனாகக் கொடுத்தோம். மருமகன் வாங்க மறுத்தான். அவன் மனைவி வாங்கிக்கொண்டாள். இதுவரை இரண்டு தவணை வந்திருக்கிறது. பெருநாளன்று வந்தவன் ஸலாம் சொன்னான்; கிதாரைப் பற்றி அவனும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.