37 மீன்களும் பெரியப்பா வீட்டு சீலிங்கும்

எங்க வீட்டுல மொத்தம் நாலு பேர். இது ரேஷன் கார்டு கணக்கு. அப்பாவோட கணக்குப்படி 41 பேர். மீதி 37 பேர் தண்ணிக்குள்ள இருக்காங்க!

பெரம்பூர்ல தாத்தா கட்டின வீடு. கீழே பெரியப்பா குடும்பம், மேலே நாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை, கொளத்தூர் மீன் கடைகளை ‘சும்மா பார்த்துட்டு வரலாம்’னு கிளம்பின அப்பா, ரெண்டு கோல்டு ஃபிஷ்ஷோட திரும்பினார். அங்கே ஆரம்பிச்சது வினை. பத்தடிக்கு எட்டடி இருந்த என் ரூமுக்குள்ள மூணு டேங்க், ஃபில்டர், ஏர் பம்ப், தண்ணி பிடிச்சு வைக்க டிரம்னு ஒவ்வொண்ணா வந்து உட்கார, நான் புத்தக மூட்டையோட ஹாலுக்கு நாடு கடத்தப்பட்டேன்.

போன ஆவணியில் காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம். ராத்திரி தங்கிட்டோம். இங்கே கரன்ட் போயிருக்கு. ஏர் பம்ப்பை அப்பா தரையில வெச்சிருந்தார். டேங்க்கோட தண்ணி மட்டத்துக்குக் கீழே பம்ப் இருந்தா, அது நின்னதும் காத்து போற டியூப் வழியா தண்ணி திரும்பி வரும். சைஃபன் தத்துவம். எட்டாவதுலயே படிச்சோம், எவனுக்கு ஞாபகம்? டியூப் நடுவுல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டியிருந்தா போதும். டீ, வடை காசுதான். மாட்டலை.

நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேங்க்ல 255 லிட்டர் பிடிக்கும். அதுல பாதி, விடிய விடிய தரையில. மீன் எல்லாம் மிச்சப் பாதியில ஜாலியா நீந்திக்கிட்டு இருந்துச்சு. கீழே பெரியம்மாவோட சாமி அலமாரி மேலே சொட்டு சொட்டா மழை.

பெரியப்பா ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் பிரச்னையே. சொட்டுற இடத்துல ஒரு பக்கெட்டை வெச்சார். தண்ணி நின்னு, சீலிங் பழுப்பாகி, பெயின்ட் உரிஞ்சு விழ ஆரம்பிச்ச பிறகும் அந்த பக்கெட்டை எடுக்கலை. அப்பா கீழே போனா டி.வி சத்தம் கூடும். நாலு மாசம் இப்படியே ஓடுச்சு. தினம் ஒண்ணா காபி குடிச்ச அண்ணன், தம்பி!

“சிவில் மூணாவது வருஷம் படிக்கிறியே, தரைக்கு என்ன போடணும்னு நீயே சொல்லு” என்றார் அப்பா. கெத்தா கிளம்பினேன்.

முதல் கடையிலேயே கவுந்துட்டேன். மரம் மாதிரியே இருக்கிற வினைல் பலகை, ஒண்ணோட ஒண்ணு ‘க்ளிக்’னு மாட்டிக்கும். “தண்ணியில ஊறப்போட்டாலும் ஒண்ணும் ஆகாது தம்பி” என்றார் கடைக்காரர். பொய் இல்லை. பலகைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா, சுவர் ஓரத்துலயும் இடுக்குலயும் இறங்குற தண்ணி, பலகைக்கு அடியில போய் வெளியேற வழியில்லாம தேங்கும். நம்ம தரை சினிமா செட் மாதிரி மின்னும், பெரியப்பா வீட்டுல மறுபடி பக்கெட். எங்க கொத்தனார் அண்ணன் இதைச் சொன்னப்போ, மூணு வருஷம் நான் என்ன படிச்சேன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

அடுத்து எபாக்ஸி. ஆஸ்பத்திரி, ஃபேக்டரி தரை மாதிரி இடுக்கே இல்லாம ஒரே வழவழ. ஆனா, அடியில கான்கிரீட் நல்லா காஞ்சிருக்கணும். எங்க தளம் ஏற்கெனவே ஓதம் குடிச்சது, பெயர்ந்துடும். மேலே தண்ணி பட்டா ஸ்கேட்டிங்தான். அந்த நெடி வேற. ஏர் பம்ப் ரூம்ல இருக்கிற காத்தைத்தான் இழுத்து தண்ணிக்குள்ள விடும். நாம மூக்கைப் பொத்திக்கலாம், மீன்?

“அப்ப பழைய டைல்ஸ் மேலயே சாந்து போட்டு புது டைல்ஸ் ஒட்டிடலாமா?” கொத்தனார் அண்ணன் கேட்டதும் என் நேரம் வந்துச்சு. கால்குலேட்டரை எடுத்தேன். அந்த ரூம்ல ஒரு இன்ச் சாந்து போட்டாலே கிட்டத்தட்ட 400 கிலோ. வீட்டு அறைகளுக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கற மாதிரிதான் டிசைன் பண்ணச் சொல்லுது நம்ம ஐ.எஸ். கோடு. தண்ணி மட்டுமே டேங்க் நிக்கிற இடத்துல அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல அழுத்துது. நல்லவேளை, மூணு டேங்க்கும் சுவரோரமா, பீம் மேல இருந்துச்சு. “வேணாம்ணே, பழசை உடைச்சுடுவோம்.” முதல் தடவையா அப்பா என்னை மரியாதையா பார்த்தார்.

உடைச்சப்போதான் புரிஞ்சது. டைல்ஸ்ல ஒரு கீறல் இல்லை. நடுவுல அடைச்சிருந்த வொயிட் சிமென்ட் வழியாத்தான் தண்ணி இறங்கியிருக்கு. அடியில தடுக்க எதுவுமே இல்லை. நான் கடை கடையா ஏறி இறங்கித் தேடினது மேலே போடற சட்டையை. ரெயின்கோட்டை உள்ளேதான் போடணுமாம்!

37 பேரும் ரெண்டு நீல டிரம்ல ஹாலுக்கு ஷிஃப்ட். பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சையும் கழுவாம கூடவே போட்டோம், கழிவை முறிக்கிற பாக்டீரியா அதுலதான் குடியிருக்கு. அம்மா சீரியல் பார்க்கிறப்போ பக்கத்துல ‘குளக் குளக்’. பேச்சுவார்த்தை கிட்டத்தட்ட முறிஞ்சிடுச்சு.

ரூம்ல தளம் காஞ்சதும் நூறுக்கு ஒண்ணுங்கிற கணக்குல வாட்டம் கொடுத்து பூசினோம். தளத்தைத் துளைக்காம, சுவரை ஓட்டை போட்டு பால்கனி பைப்புக்கு வழி. மூலைகளை வளைவா பூசி, பாலிமர் கலந்த சிமென்ட் கோட்டிங் ரெண்டு தடவை. முதல் தடவை நீளவாக்குல, அது காஞ்சதும் குறுக்குவாக்குல. சுவர்லயும் ஒரு அடி உயரத்துக்கு ஏத்தினோம். மேலே ஒட்ட சொரசொரப்பான, ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ், நடுவுல எபாக்ஸி க்ரௌட். ரெண்டடி டைல்ஸ்தான் ஃபேஷன், ஆனா வாட்டத்துக்கு சின்னதுதான் வளைஞ்சு கொடுக்கும். வாசல்ல ரெண்டு இன்ச் உயரத்துக்கு கிரானைட் தடுப்பு. ஒரு டேங்க் மொத்தமா உடைஞ்சாலும் ரூம்ல மூணரை சென்டிமீட்டர்தான் நிக்கும், தாண்டாது. இந்தக் கணக்கை மூணு தடவை போட்டுப் பார்த்தேன்.

டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி டெஸ்ட். ஓட்டையை அடைச்சு, ஒரு இன்ச் தண்ணி கட்டி, 48 மணி நேரம். சுவர்ல சாக்பீஸ் கோடு. முதல் நாள் ராத்திரி அப்பா தூங்கவே இல்லை. ரெண்டு மணிக்கு டார்ச்சோட கோட்டைப் பார்த்துட்டு இருந்தார். கீழேயும் லைட் எரிஞ்சது. எட்டிப் பார்த்தேன். பெரியப்பா ஈஸி சேர்ல சாய்ஞ்சு, சீலிங்கையே பார்த்துட்டு இருந்தார்.

மூணாம் நாள் காலையில படியில செருப்புச் சத்தம். பெரியப்பா! கையில அந்த பக்கெட். ரூம் வாசல்ல நின்னு தேங்கின தண்ணியைப் பார்த்தார். அப்பா சாக்பீஸ் கோட்டை விரலால காட்டினார்.

“இறங்கலைண்ணா.”

“தெரியும்டா. நானும்தான் பார்த்துட்டு இருக்கேன்.” பக்கெட்டை அப்பா கையில கொடுத்தார். “இந்தா, தண்ணிய அள்ளு. மீன் எல்லாம் எங்கே?”

“ஹால்ல இருக்கு.”

“எதுல, டிரம்லயா? மூச்சு முட்டாது?” என்றபடி உள்ளே போனார். அம்மா காபிக்குப் பால் வெச்சாங்க.