கலா என்றொரு ஆல்பம்

நம் வயதுக்காரர்களிடம் ராக், ராப் என்று பேச்செடுத்தால் "எல்லாம் ஒரே இரைச்சல்" என்று எழுந்து போய்விடுவார்கள். நானும் டி.எம்.எஸ்., சுசீலா என்று வளர்ந்த ஆசாமிதான். ஆனாலும் இன்று ஓர் இங்கிலீஷ் ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஆல்பத்தின் பெயர் 'கலா'. 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. பாடியவர் மாயா அருள்பிரகாசம் என்ற ஈழத் தமிழ்ப் பெண். மேடையில் எம்.ஐ.ஏ. என்று பெயர். கலா என்பது அவருடைய அம்மாவின் பெயர்.

1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், சென்னையிலும் கொஞ்ச காலம் இருந்து, 1986-ல் அம்மாவோடு அகதியாக மறுபடியும் லண்டன் போய்ச் சேர்ந்தவர் மாயா. அப்பா ஈழ இயக்கத்தில் இருந்தார். அருளர் என்பது அவர் பெயர். பிள்ளைகளை வளர்த்தது அம்மாதான். என்ன வேலை செய்து தெரியுமா? தையல் வேலை.

பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் என்று காலத்தை ஓட்டியவன் நான். பவர் டேபிளில் குனிந்தபடி ஒன்றரை ஷிப்ட் ஓட்டிப் பிள்ளைகளைக் காலேஜ் வரை அனுப்பிய அம்மாக்களை வரிசை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த ஒரு விவரம் என்னை இந்தப் பாட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரை வைத்தார்: 'அருளர்'. விமர்சகர்கள் பாராட்டினார்கள். அடுத்ததை அமெரிக்காவில் பெரிய ஆட்களோடு செய்வதாகத் திட்டம். 2006-ல் விசா கிடைக்கவில்லை. வேறொருவர் என்றால் சோர்ந்திருப்பார். இவர் கிடைத்த ஊரில் எல்லாம் பதிவு செய்தார். இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போனது வேலை.

சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் தன் ஸ்டூடியோவைப் பயன்படுத்த இடம் கொடுத்தார், ஆட்களையும் அறிமுகம் செய்துவைத்தார். அங்கே பதிவானது எது என்கிறீர்கள்? நம் உறுமி மேளம்! உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், தைப் பொங்கல் சமயத்தில் சலகெருது ஆடும்போது வயிற்றைக் கலக்குமே, அதே உறுமிதான். கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டிப் பாகம் பாகமாக்குவதுபோல, அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார்கள். 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டைக் கேட்டால் தெரியும்.

ஆல்பம் வந்ததும் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றது. ஆனால் விற்பனைப் பட்டியலில் அமெரிக்காவில் 18-ஆம் இடத்தோடு நின்றது. தூக்கி நிறுத்தியது 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற ஒரு பாட்டு. 'தி கிளாஷ்' என்ற ஆங்கில ராக் குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்த இசைத் துணுக்கின்மேல் கட்டியது அது. 2008-ல் ஒரு ஹாலிவுட் படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்து, அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ரயில் காட்சியில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதே படத்தில் ரஹ்மானோடு அவர் சேர்ந்து செய்த 'ஓ சாயா' ஆஸ்காருக்குப் பரிந்துரையானது. 2009 பிப்ரவரியில் கிராமி விழாவில், பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த அதே நாளில், நிறை வயிற்றோடு மேடையேறிப் பாடினார்!

'பேப்பர் பிளேன்ஸ்' எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவன் என்றாலே போலி விசாக்காரன், கொள்ளைக்காரன் என்று பார்க்கிற பார்வையைக் கிண்டல் செய்கிற பாட்டு அது. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கும், கல்லாப்பெட்டி திறக்கும். நிஜம் என்று நம்பிய டி.வி.க்காரர்கள் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிப் போட்டார்கள்.

இதைக் கேட்கும்போது எனக்கு லண்டன் ஞாபகம் வரவில்லை. நம்மூர் ஞாபகம்தான் வருகிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இல்லாமல் இன்று எந்தக் கம்பெனியில் லைன் ஓடுகிறது? ஆனாலும் ஒரு செல்போன் காணாமல் போனால் டீக்கடைப் பேச்சு முதலில் யார் பக்கம் திரும்புகிறது என்று நமக்கெல்லாம் தெரியும். 2023-ல் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அதிகாரிகள் நேரில் போய் அவர்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. நாம் அடைக்கலம் தேடிப் போன ஊர்களில் நம்மைப் பார்த்த அதே பார்வை, நம் வாசலில் வந்து நிற்கிறவர்கள்மேல் விழுவது எந்த நியாயத்தில் சேரும்?

அந்தத் தாய் தைத்த துணியில் அவர் பெயர் இருந்திருக்காது. டெய்லர் பெயரையா காலரில் போடுகிறார்கள்? மகள் அதை ஆல்பத்தின் அட்டையில் போட்டுவிட்டார். நம்மூர் லைனில் இன்று ஓவர்லாக் மிதிக்கிற ஒரு பீகார்க்காரப் பெண்ணின் பிள்ளையும் நாளை எதையாவது செய்து அம்மா பெயரை வைக்கும். அதில் நம் ஊரைப் பற்றியும் நாலு வார்த்தை இருக்கும். அது என்ன வார்த்தையாக இருக்கும் என்பது இன்று நாம் நடந்துகொள்கிற விதத்தில்தான் இருக்கிறது.

பேரன் பேத்திகளிடம் சொன்னால் போனில் போட்டுத் தருவார்கள். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்துக் கேளுங்கள்.