பேப்பர் கப்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கீங்களா? பேரைக் கேட்டதும் வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. மாட்டுக்கு யாரும் தாவணி கட்டலைங்க. இங்கே தாவணின்னா சந்தை. நடுராத்திரியிலயும் 'திருநெல்வேலி, நாகர்கோவில்!'னு குரல் கேட்டுக்கிட்டே இருக்கும். பரிசுத்தம்னா என்னன்னு நான் கத்துக்கிட்டது கோயில்ல இல்லை, இந்த பஸ் ஸ்டாண்ட்லதான்.

அதுவரைக்கும் நான் ரொம்ப பரிசுத்தமான பையன்! தம், தண்ணி கிடையாது. தவக்காலத்துல கறி கிடையாது, சினிமா கிடையாது. ஹாஸ்டல்ல எனக்கு 'ஃபாதர்'னே பட்டப்பேரு. உள்ளுக்குள்ள அதுல ஒரு பெருமைதான்.

ஒரு செமஸ்டர் லீவுக்கு என் ரூம்மேட்டை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். நாகர்கோவில் பக்கம். அவனும் கிறிஸ்தவன்தான். அம்மா சிரிச்ச முகமாத்தான் வரவேற்றாங்க. "தம்பிக்கு எந்த ஊரு?"ன்னாங்க. சொன்னான். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னான். அம்மாவுக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு.

காபி வந்துச்சு. எனக்கு எவர்சில்வர் டம்ளர். அவனுக்கு பேப்பர் கப்.

நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். நான் வாயைத் திறக்கலை. அன்னிக்கு ராத்திரி குடும்ப ஜெபத்துல எங்களோட சேர்ந்து அவனும் முழங்கால் போட்டான்.

திரும்பி வந்து மாட்டுத்தாவணியில இறங்கினோம். டீக்கடையில ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி கிளாஸ். அதைக் கையில வாங்கிக்கிட்டு அவன் மெதுவா சொன்னான்: "இங்க யாரும் எந்தத் தெருன்னு கேட்கலைடா மாப்ள." கோபப்பட்டிருந்தாகூட தாங்கியிருப்பேன்.

நாங்க வந்த பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டித்தான் வந்துச்சு. அங்கே காற்றாடிமலையில 1752 ஜனவரி 14-ம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டவர் தேவசகாயம். 1712-ல் நட்டாலத்துல பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசு அதிகாரி. 1745-ல் வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கினார். சாமியார் இல்லைங்க, கல்யாணமானவர், உத்தியோகத்துல இருந்தவர். சாதி வித்தியாசம் பார்க்காம எல்லாரும் சமம்னு சொன்னதுதான் மேல்தட்டுக்காரங்களுக்கு ஆகலை. 1749-ல் கைது பண்ணி, எருமை மேல உட்கார வெச்சு ஊர் ஊரா இழுத்துட்டுப் போனாங்க. 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். குருவாகவோ துறவியாகவோ இல்லாத இந்தியர்கள்ல முதல் புனிதர் இவர்தான். அதுக்கு முன்னாடியே, சிலர் கேட்டுக்கிட்டதால, பேருக்குப் பின்னாடி இருந்த 'பிள்ளை'யை வாடிகன் எடுத்துடுச்சு.

புனிதரோட பேர்ல இருந்தே சாதி போயிடுச்சு. அவர் படத்தை மாட்டியிருக்கிற எங்க வீட்டு அலமாரியில மட்டும் அது பத்திரமா இருந்திருக்கு!

பைபிள்ல 'பரிசுத்தம்'ங்கிறதுக்கு வர்ற எபிரேய வார்த்தைக்கு, 'கடவுளுக்காகத் தனியாப் பிரிச்சு வைக்கிறது'ன்னு அர்த்தம் சொல்வாங்க. நாம இதுல பாதியைத்தான் பிடிச்சுக்கிட்டோம். 'கடவுளுக்காக'ங்கிறதை விட்டுட்டு 'தனியா'ங்கிறதை வெச்சுக்கிட்டோம்! டம்ளர் தனி, தெரு தனி, சில ஊர்கள்ல கல்லறைகூட தனி. ஆனா, இயேசு மேல அன்னிக்கு சொன்ன பெரிய புகாரே, அவர் யார்கூட வேணும்னாலும் உட்கார்ந்து சாப்பிடுறார்ங்கிறதுதான்.

தம் அடிக்காததும் சினிமா பார்க்காததும் தப்பில்லை. ஆனா, அதுக்காக நான் எதையும் இழக்கலை. அந்த பேப்பர் கப்பைப் பார்த்து "அம்மா, இது வேணாம்"னு சொல்லியிருந்தா, வீட்டுல நல்ல பேரு போயிருக்கும். அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனசு வரலை. அப்போ என் பரிசுத்தம் எவ்வளவு பெறும்?

அடுத்த லீவுல அம்மா காபி கொண்டு வந்தப்ப, "எனக்கும் பேப்பர் கப்புலயே குடும்மா"ன்னேன். அம்மாவுக்குப் புரிஞ்சது. ரெண்டு நாள் என்கூட சரியாப் பேசலை.

அவனை மறுபடியும் ஊருக்குக் கூப்பிட்டிருக்கேன். "பார்க்கலாம்டா"ன்னு மட்டும் சொல்றான். அவனை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

நீங்க எந்த சாமியைக் கும்பிடுறவங்களா வேணும்னாலும் இருங்க ஃப்ரெண்ட்ஸ். அடுத்த தடவை ஃப்ரெண்டை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, அவன் கையில இருக்கிறது டம்ளரா, பேப்பர் கப்பான்னு ஒரு நிமிஷம் பாருங்க. பார்த்துட்டு, என்னை மாதிரி சும்மா இருக்காதீங்க!